தண்டால் ஏழு, புல்-அப் பூஜ்யம்: எந்தப் பயிற்சி முறையைப் பிடிப்பது?

கேள்வி: எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. ஜிம்முக்குப் போய்வர நேரமில்லை என்பதால், உடல் எடையை வைத்தே வீட்டில் பயிற்சி செய்ய இரண்டு வருடமாக முயல்கிறேன். சூரிய நமஸ்காரம் மூன்று வாரம், '30 நாள் சவால்' ஆப் ஒன்றில் 11 நாள், ஒரே மூச்சில் 100 தண்டால் போட வைக்கும் திட்டம் ஒரு மாதம், வீடியோ பார்த்து எச்ஐஐடி (சிறு இடைவெளி விட்டு விட்டு அதிவேகமாகச் செய்வது) நான்கு வாரம், கடைசியாக இரண்டு கைகளிலேயே உடம்பைக் கிடையாகத் தாங்கும் பிளாஞ்ச் பயிற்சி இரண்டு வாரம். எதுவும் நிலைக்கவில்லை. இப்போது தண்டால் 7 வருகிறது. கம்பியில் தொங்கி மோவாய்வரை உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட வரவில்லை. தண்டால் போடும்போது வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கதவு நிலையில் மாட்டும் கம்பி வாங்கினேன். இரண்டாம் நாளே வழுக்கி இறங்கிவிட்டது. போன மாதம் ரத்த அழுத்தம் 136/88 இருந்தது. மாத்திரை வேண்டாம், கவனமாக இருங்கள் என்றார் டாக்டர். வாரத்தில் மூன்று நாள் காலையில் 40 நிமிடம் ஒதுக்க முடியும். எந்த முறை சிறந்தது? ஜிம் இல்லாமல் உண்மையிலேயே சதை ஏறுமா? நாங்கள் இருக்கும் வாடகை வீட்டு ஹாலில் பழைய ஊஞ்சல் கொக்கிகள் இருக்கின்றன. அதில் வளையம் மாட்டலாமா? என் மனைவியும் கூடச் செய்ய ஆசைப்படுகிறார். அவருக்குத் தண்டால் ஒன்றும் வராது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஐந்து முயற்சிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் கைகள் என்ன வேலை செய்தன என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். சூரிய நமஸ்காரத்தில் தரையைத் தள்ளின. 100 தண்டாலில் தள்ளின. பிளாஞ்சில் தள்ளுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. ஆப்பும் எச்ஐஐடியும் வெறும் தரையில் செய்வதற்கென்று அமைந்தவை. அவற்றில் பெரும்பாலும் தண்டாலும் குதியும்தான் இருக்கும். இரண்டு வருடத்தில் எதையாவது உங்கள் பக்கம் இழுத்தது அந்தக் கம்பியில் தொங்கிய இரண்டு நாள் மட்டும். புல்-அப் பூஜ்யத்தில் நிற்பதில் ஆச்சரியமில்லை. நாள் முழுக்க விசைப்பலகைக்கு முன்னால் குனிந்திருக்கும் தோளை மேலும் மேலும் தள்ளவே விட்டதற்கு, வலியிலும் ஒரு பங்கு இருக்கலாம்.

அடுத்து, நீங்கள் விட்ட தேதிகள். 11 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எல்லாமே முடிந்திருக்கின்றன. புதுப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் பலம். இருக்கும் தசையையே ஒழுங்காக, ஒன்றுசேர்த்து வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. கண்ணாடியில் தெரிகிற மாற்றத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். தொடக்கத்தில் வேகமாகக் கூடிய எண்ணிக்கை மூன்றாம் நான்காம் வாரத்தில் மந்தமாகும். உடம்பில் இன்னும் எதுவும் தெரியாது. அந்த இடைவெளியில்தான் 'இந்த முறை நமக்குச் சரிப்படவில்லை' என்று தோன்றும். நீங்கள் ஐந்து முறைகளைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரே முதல் மாதத்தை ஐந்து தடவை செய்திருக்கிறீர்கள்.

அதனால் 'எது சிறந்தது' என்பதற்கு என் பதில் சுருக்கமானது. தள்ளுதல், இழுத்தல், முழங்கால் மடக்கி எழுதல், இடுப்பை நிமிர்த்துதல் ஆகிய நான்கும் வயிற்றுப் பகுதிக்கு ஒன்றும் இருக்கிற, எப்போது கடினமான படிக்கு ஏற வேண்டும் என்று தெளிவான விதி சொல்கிற எந்த முறையும் நல்ல முறை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதன் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

பழைய முறை ஒன்றை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம். கனடா விமானப்படைக்காக வில்லியம் ஆர்பன் 1950களின் இறுதியில் வகுத்த 5பிஎக்ஸ். ஐந்தே பயிற்சிகள், நாளுக்கு 11 நிமிடம், ஒன்றைவிட ஒன்று கடினமாக ஆறு அட்டவணைகள். ஒரு நிலையின் எண்ணிக்கையைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால்தான் அடுத்த நிலை. ஏறும் விதியில் அதைக் குறை சொல்லவே முடியாது. இன்றைய ஆப்கள் பலவற்றைவிட நேர்மையான விதி. ஆனால் குனிந்து தரையைத் தொடுதல், படுத்து எழுதல், குப்புறப் படுத்து முதுகை உயர்த்துதல், தண்டால், நின்ற இடத்தில் ஓட்டம் ஆகிய ஐந்தில் இழுக்கிற வேலை எங்கேயும் இல்லை. நம் ஊர் மரபில் இந்தக் குறை இல்லை. மல்யுத்தக் கூடங்களில் தண்டால், பஸ்கிக்குப் (குந்தி எழுதல்) பக்கத்திலேயே கயிறேறுதல் இருந்தது, மல்லர் கம்பம் இருந்தது. விழுப்புரத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் கம்பம் ஏறுகிறார்கள். அவர்களுடைய முதுகைப் பார்த்தால் இழுப்பது என்ன செய்யும் என்று புரியும்.

'30 நாள் சவால்' எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையை வைக்கிறது. உங்களால் முடிந்ததா என்று கேட்காமல் தேதி மாறினால் எண்ணும் மாறும், அதனால் பன்னிரண்டாம் நாள் நின்றுபோவது அந்தத் திட்டத்தின் இயல்பு. எச்ஐஐடி மூச்சுக்கு நல்லது. வேகத்தில் உடம்பை வைக்கும் ஒழுங்கு கெட்டுப்போவதால் பலத்துக்கு அவ்வளவாக உதவாது. பிளாஞ்ச் போன்ற வித்தைகளைப் பத்துத் தண்டால் சுத்தமாக வராத தோளில் ஏற்றக் கூடாது. தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும், இடையில் மாட்டிக்கொள்வது மூட்டு. இன்றைக்குத் தள்ளல், நாளைக்கு இழுத்தல், மறுநாள் கால் என்று பிரித்துச் செய்யும் முறை ஒரு வருடம் கழித்து யோசிக்க வேண்டியது. அதில் ஒரு நாள் தவறினால் ஒரு பாகம் முழு வாரமும் பட்டினி கிடக்கும். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு: உங்களுக்கு இதுதான். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

சதை ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஏறும். தசைக்கு இரும்பும் தெரியாது, உடல் எடையும் தெரியாது. இழுவிசை மட்டும்தான் தெரியும். இனி ஒன்றோ இரண்டோதான் வரும் என்கிற நிலைக்குப் பக்கத்தில் செட் (நிற்காமல் செய்யும் ஒரு சுற்று) முடிந்தால், 6 ரெப்பில் (தடவையில்) முடிகிற சுமையும் 25 ரெப்பில் முடிகிற சுமையும் தசையை ஏறத்தாழ ஒரே அளவில் வளர்க்கின்றன. பலம் மட்டும் கனமான சுமையில் கூடுதலாக வரும். ஆகவே 30 ரெப்புக்கு மேல் சுலபமாகப் போகிற எந்தப் பயிற்சியும் அடுத்த படிக்கு மாற்ற வேண்டிய பயிற்சி. 200 பஸ்கி போடுகிறவருக்குக் களைப்பு தாங்கும் திறன் வளரும். தொடை அந்த அளவுக்கு வளராது.

சுமையை எப்படிக் கூட்டுவது, குறைப்பது? உங்கள் வீட்டு மாடிப்படிதான் அதற்குச் சரியான கருவி. தரையில் தண்டால் போடும்போது உடல் எடையில் சுமார் 64 விழுக்காடு கைகளில் இறங்குகிறது. கைகளை ஓரடி உயரத்தில் வைத்தால் 55, இரண்டடி உயரத்தில் வைத்தால் 41. மாறாகக் காலை ஓரடி தூக்கி வைத்தால் 70, இரண்டடியில் 74. உங்கள் 78 கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் தரையில் 50 கிலோ, ஓரடியில் 43, இரண்டடியில் 32. படியின் உயரம் ஆறங்குலம் என்றால் இரண்டாம் படி ஓரடி, நான்காம் படி இரண்டடி. படிக்குப் படி சராசரியாக நான்கைந்து கிலோ வித்தியாசம். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு இப்படி அளந்து வைத்த எடைக்கல் மாதிரி நிற்கும்போது, முழங்காலைத் தரையில் ஊன்றிப் போடும் அரைத் தண்டால் உங்களுக்குத் தேவையே இல்லை. அதில் இடுப்பு மடங்கிவிடும், வயிறு குறைவாகவே வேலை செய்யும். படியில் போடும்போது தலை முதல் குதிகால் வரை ஒரே கோடாக உடம்பைப் பிடிக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரும்.

இப்போது வரும் அந்த ஏழு தண்டாலைப் பக்கவாட்டில் கைபேசியை வைத்து ஒரு தடவை படம் எடுத்துப் பாருங்கள். நான்காவதுக்கு மேல் இடுப்பு தொங்கும், முழங்கை தோள் மட்டத்துக்கு 'ட' போல விரிந்து நிற்கும், தலை மட்டும் கீழே போய் எண்ணிக்கை ஏறும் என்று எதிர்பார்க்கிறேன். முழங்கை அப்படி விரியும்போது தோள் மூட்டின் முன்பக்கத்தில் சுமை குவிகிறது. எனவே இரண்டாம் படியில் தொடங்குங்கள். உள்ளங்கை தோளைவிடக் கொஞ்சம் அகலமாகப் படியின் விளிம்பில். முழங்கை விலாவிலிருந்து முப்பது நாற்பது பாகை மட்டும் விலகி, பின்னோக்கி மடங்க வேண்டும். பிட்டத்தை இறுக்குங்கள். இரண்டு வினாடி இறங்கி, மார்பு விளிம்பைத் தொட்டு, ஏறும் கடைசியில் தோள்பட்டைகளை முன்னே தள்ளி முடியுங்கள். மணிக்கட்டு வலிப்பவர்களுக்கும் விளிம்பைப் பிடிப்பது தரையைவிட இதமாக இருக்கும்.

வலிக்கு ஒரு விதி. பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். அதற்கு மேல் போனால் கைகளை இன்னும் ஒரு படி மேலே வைத்துச் சுமையைக் குறையுங்கள்; அதிலும் போனால் இறங்கும் ஆழத்தைப் பாதியாக்குங்கள். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, விரல்வரை மரத்துப்போகிறது என்றால் பயிற்சியால் தீர்க்கப் பார்க்காதீர்கள். எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி இழுப்பது. கதவுக் கம்பி வழுக்கியதற்குக் காரணம் நீங்கள் சரியாக முறுக்காதது மட்டுமல்ல. முறுக்கி அகலப்படுத்தும் கம்பி வெறும் உராய்வில் நிற்பது. வார்னிஷும் எனாமல் பெயின்டும் அடித்த மர நிலையில் அதற்குப் பிடி கிடைக்காது. ஆணி இல்லாமல் கொக்கி போல மாட்டும் இன்னொரு வகை, நிலைக்கு மேலே சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் மரச்சட்டத்தில் அமர வேண்டியது. நம் வீடுகளில் பெரும்பாலும் நிலையும் சுவர்ப் பூச்சும் ஒரே மட்டத்தில் இருப்பதால் அது அமர இடமே இருக்காது. இரண்டையும் மறந்துவிடலாம்.

ஊஞ்சல் கொக்கி நல்ல வழி. தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துப் பதித்த கொக்கியாக இருந்தால், மூன்று பேர் உட்கார்ந்து ஆடும் பலகையைத் தாங்கவே வைத்தது. ஆனால் பழைய கொக்கிகள் என்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, ஏணி வைத்து ஏறி, கொக்கியின் கழுத்தில் துரு செதில்செதிலாக உதிர்கிறதா, சுற்றியுள்ள பூச்சில் விரிசலோ ஈரக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். சுத்தமாக இருந்தால் தோளகல இடைவெளி வரும் இரண்டு கொக்கிகளில் பட்டையோடு வரும் மர வளையங்களை மாட்டி, முதல் வாரம் பாதங்கள் தரையில் இருக்கும்படி மட்டுமே பயன்படுத்துங்கள். மின்விசிறிக் கொக்கியிலும் குழந்தைத் தூளி கட்டும் சிறு கொக்கியிலும் எக்காரணம் கொண்டும் தொங்காதீர்கள்.

வளையத்தைத் தொப்புள் உயரத்தில் தொங்கவிட்டு, பிடித்தபடி பின்னால் சாய்ந்து, மார்பை வளையத்துக்கு இழுங்கள். கால்களை முன்னே நகர்த்த நகர்த்த உடம்பு கிடையாகும், சுமை கூடும். தரையில் டைல்ஸ் கோடு இருந்தால் குதிகால் எந்தக் கோட்டில் இருந்தது என்று குறித்துக்கொள்ளலாம். அதுவே உங்கள் இழுப்புப் படிக்கட்டு. முதலில் தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்து, பிறகு முழங்கையை மடக்குங்கள். கழுத்தை நீட்டி மோவாயால் எட்டிப் பிடிப்பது ஏமாற்று. உடம்பு தரைக்குக் கிடையாக இருக்கும் நிலையில் 8 ரெப் மூன்று செட் வந்த பிறகு வளையத்தை உயர்த்தி, ஸ்டூல் மேல் ஏறி மோவாய் வளையத்துக்கு மேல் இருக்கும்படி பிடித்து, ஐந்து வினாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு இறக்கம் போதும். இதில் அவசரப்பட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்கையின் உட்பக்கம் வலி பிடிக்கும். பிடித்தால் லேசில் விடாது. முதல் முழு புல்-அப் மூன்று மாதத்திலும் வரலாம், ஆறு மாதமும் ஆகலாம். எடை ஐந்து கிலோ இறங்கினால் அது சீக்கிரம் வரும்.

கொக்கி தேறாவிட்டாலும், வெளியூர் போனாலும் ஒரு பழைய போர்வை போதும். ஒரு நுனியில் பெரிய முடிச்சுப் போட்டு, முடிச்சு கதவுக்கு அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி எறிந்து, கதவைச் சாத்தித் தாழிடுங்கள். நீங்கள் நிற்பது, கதவு உங்களை விட்டு விலகித் திறக்கும் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு அழுந்தும். மறுபக்கம் நின்றால் தாழ்ப்பாள் ஒன்றுதான் உங்களைத் தாங்கும். மொசைக் தரையில் கோரைப்பாய் வழுக்கும். ரப்பர் விரிப்பில் வெறுங்காலோடு நில்லுங்கள்.

கால்களுக்கு: தரையில் சம்மணமிட்டும் குந்தியும் பழகிய நமக்கு முழு ஆழப் பஸ்கி பெரும்பாலும் சுலபமாகவே வரும். அதனால் இரண்டே வாரத்தில் அது போதாமல் போகும். 20 பஸ்கி சிரமமில்லாமல் வந்ததும் ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் வைத்து இறங்குவது, பிறகு பின்காலை இரண்டாம் படியில் தூக்கி வைத்து இறங்குவது என்று போங்கள். இந்தக் கடைசி வகையில் சுமையில் பெரும்பங்கு முன்காலில் நிற்கும். 78 கிலோ உடம்புக்குப் பல மாதம் இது போதும். முன்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, முழங்கால் உள்பக்கம் சரியக் கூடாது.

இடுப்பை நிமிர்த்தும் வேலையை வீட்டுப் பயிற்சி முறைகள் பலவும் கைவிட்டுவிடுகின்றன. மொசைக்கோ வழுவழுப்பான டைல்ஸோ உள்ளவருக்கு இது மலிவாகக் கிடைக்கிறது. மல்லாந்து படுத்து, குதிகால்களுக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வையுங்கள். இடுப்பை உயர்த்தி, குதிகால்களை மெதுவாக வெளியே வழுக்கவிட்டுக் காலை நீட்டுங்கள். முதல் இரண்டு வாரம் நீட்டுவது மட்டும், பிறகு நீட்டி மடக்குவது, கடைசியில் ஒற்றைக்கால். பின்தொடை பிடித்துக்கொள்ளும் பயிற்சி இது, அதனால் முதல் நாள் 4 ரெப்போடு நிறுத்துங்கள். வயிற்றுக்கு 30 வினாடி பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேர்கோடாகப் பிடிப்பது) மூன்று முறை. ஒரு நிமிடம் எட்டியதும் நேரத்தைக் கூட்டாமல், மல்லாந்து படுத்து இடுப்பின் பள்ளத்தைத் தரையோடு அழுத்தியபடி காலையும் தோளையும் சற்றே தூக்கிப் பிடிக்கும் நிலைக்கு மாறுங்கள்.

40 நிமிடத்துக்குள் இது எப்படி அடங்கும்? ஆறு நிமிடம் உடம்பைச் சூடாக்க: கைச் சுழற்றல், மெதுவாகப் பத்துப் பஸ்கி, சுவரில் பத்துத் தண்டால், விருப்பமிருந்தால் நான்கு சுற்றுச் சூரிய நமஸ்காரம். அதை விட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். பிறகு இழுத்தலும் கால் பயிற்சியும் ஒரு ஜோடி: ஒரு செட் இழுத்தல், ஒன்றரை நிமிட ஓய்வு, ஒரு செட் கால், ஒன்றரை நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. 13 நிமிடம் ஆகும். அடுத்த ஜோடி தள்ளலும் துண்டு வழுக்கலும், இன்னொரு 13 நிமிடம். கடைசி ஆறு நிமிடம் வயிறு. இழுத்தலை முதலில் வைத்தது வேண்டுமென்றேதான். உடம்பு புதிதாக இருக்கும்போது பலவீனமான வேலையை முடித்துவிட வேண்டும். ஓய்வைக் குறைத்து வேகமாக முடிப்பதில் பெருமை இல்லை, அடுத்த செட்டின் எண்ணிக்கைதான் குறையும்.

ஏறும் விதி: இழுத்தல், தள்ளல், கால் மூன்றிலும் ஒரு படியில் 5 ரெப் மூன்று செட்டாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு செட்டில் ஒரு ரெப் கூட்டப் பாருங்கள். மூன்று செட்டும் 8 வந்த நாளுக்கு அடுத்த முறை, கடினமான படிக்கு மாறி மறுபடி 5. ஒவ்வொரு செட்டும் இன்னும் ஒன்றோ இரண்டோ வரும் என்ற நிலையில் நிற்க வேண்டும். இடுப்பு தொங்கினாலோ ஏறும் வேகம் சட்டென்று குறைந்தாலோ செட் முடிந்தது என்று பொருள். மூன்று பயிற்சி நாள் தொடர்ந்து ஒரே எண்ணில் நின்றால் முறையைச் சந்தேகிக்க வேண்டாம். தூக்கத்தைப் பாருங்கள், பிறகு அதே படியில் இறங்கும் நேரத்தை இரண்டிலிருந்து நான்கு வினாடியாக்குங்கள். ஏழாவது வாரம் எல்லாவற்றிலும் மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு. அந்த வாரம் எதையும் கூட்ட வேண்டாம்.

நிலைத்து நிற்பதற்கு வருவோம். 12 வாரம், வாரம் 3, மொத்தம் 36 தடவை. 40 பக்க நோட்டு ஒன்றில் 1 முதல் 36 வரை எண் போட்டுவிடுங்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் போதும் அந்தக் கணக்கை உடைக்க, உடைந்ததும் மனசும் விட்டுப்போகும். 36ல் 30 செய்தால் தேர்ச்சி. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு மடங்கு செய்ய வேண்டாம், அடுத்த முறை வரும் நாளில் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் அதற்கு முந்தைய வாரத்தை அப்படியே திரும்பச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் எல்லாவற்றிலும் ஒரு படி சுலபமான நிலைக்கு மாறுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்து 2010ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டது அவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, வரவில்லையே என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

உடம்பு சோர்ந்த நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்திலும் ஒரே ஒரு செட், பத்து நிமிடம். அதுவும் 36ல் ஒன்றாகச் சேரும். பயிற்சியைக் கடிகார நேரத்தோடு கட்டுவதைவிட, அதற்கு முன்னால் நடக்கும் செயலோடு கட்டுங்கள். 'காலை ஆறு மணி' என்பதைவிட 'பல் துலக்கியதும்' என்பது கெட்டியான முடிச்சு.

புதிதாக ஒரு முறையின் வீடியோ கண்ணில் படும், ஐந்தாம் வாரம் கட்டாயம் படும். அதன் பெயரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு மூடுங்கள். 36 முடிந்த பிறகு திறந்து பார்க்கலாம். இடையில் மாற்ற நியாயமான காரணங்கள் இரண்டுதான் உண்டு. ஒரு பயிற்சியில் வலி இரண்டு வாரம் விடாமல் இருந்தால் அந்த ஒரு பயிற்சியை மட்டும் மாற்றுங்கள். வேலை நேரம் மாறினால் நாட்களை மாற்றுங்கள். அலுப்பு காரணமாகாது. 30க்கு மேல் முடித்தும் ஐந்தில் ஒன்றில்கூட ஒரு படி ஏறவில்லை என்றால், அப்போது முறையைக் குற்றம் சொல்லலாம். அதற்கு ஆதாரமாக நோட்டு கையில் இருக்கும்.

ரத்த அழுத்தத்துக்காக இரண்டு விஷயம். கடினமான ரெப்பில் மூச்சை அடக்காதீர்கள். தள்ளும்போதும் இழுக்கும்போதும் வாயால் ஊதி வெளியே விடுங்கள். பிளாங்க்கிலும் மூச்சு ஓட வேண்டும். மற்ற நாட்களில் நான்கு தடவை 40 நிமிட வேக நடை சேர்த்தால், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரத்துக்கு 150 நிமிடம் நிறைந்துவிடும். நேரமில்லை என்றால் சாயங்காலம் பிரித்து நடக்கலாம். வீட்டுக் கருவி 180/110க்கு மேல் காட்டும் நாளில் பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

சாப்பாட்டில் புரதம் ஒன்றைக் கவனித்தால் போதும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல் வகுத்த அளவு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம், உங்களுக்கு 65 கிராம். சதை ஏற வேண்டுமென்றால் 90, 100 கிராம் நல்லது. மூன்று இட்லி, சாம்பாரில் பத்து கிராம் அளவே தேறும். இரண்டு முட்டையில் 12, 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்து, 50 கிராம் சோயா உருண்டையில் 25க்கு மேல், ஒரு டம்ளர் பாலில் ஆறு என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்தால் எடையும் இறங்கும்.

உங்கள் மனைவிக்குத் தனித் திட்டம் எதுவும் தேவையில்லை. தண்டாலுக்கு அவர் நான்காம் ஐந்தாம் படியில் கை வைத்துத் தொடங்கட்டும். அதுவும் கனமாக இருந்தால் சமையல் மேடையின் விளிம்பு, அதற்கும் மேலே சுவர். வளையத்தில் அவர் உங்களைவிட நிமிர்ந்து நிற்பார், அவ்வளவுதான். நோட்டு மட்டும் ஆளுக்கொன்று இருக்கட்டும். எண்களை ஒப்பிட வேண்டாம், அவரவர் சென்ற வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். நீங்கள் ஒரு செட் முடித்து இறங்கியதும் அவர் தொடங்கலாம். அவர் செட் போடும் நேரமும் மூச்சு வாங்கும் நேரமும் சேர்ந்து உங்கள் ஒன்றரை நிமிட ஓய்வு கழிந்துவிடும். அவருடைய முழங்கை விரிகிறதா, இடுப்பு தொங்குகிறதா என்று அந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்லுங்கள். உங்களுடையதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.